யார் காசுல ஆராய்ச்சி பண்றது? டர்பன்ல ஒரு மாஸ்டர்ஸ் சீட்டும் நாலு பர்சும்

மச்சினன் பொண்ணு ஹானர்ஸ் முடிச்சிருக்கா, மாலிக்யுலர் பயாலஜி, மார்க்கும் நல்லா வாங்கியிருக்கா, இப்ப மாஸ்டர்ஸ்க்கு எங்க சேர்றதுன்னு மூணு வாரமா வீடே பேசிட்டு இருக்கு. நாலு இடத்துல கூப்பிட்டிருக்காங்க, நாலும் தென்னாப்பிரிக்காவுல எங்க டர்பன் சுத்துவட்டாரத்துலதான், கார்ல போனா எதுவும் முக்கால் மணி நேரம் தாண்டாது. வேலைன்னு பாத்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது, எங்க போனாலும் பிப்பெட்தான் பிடிக்கணும், டிஎன்ஏதான் எடுக்கணும், பிசிஆர் மெஷின் முன்னாடி உக்காந்து தூங்கி வழியணும். வித்தியாசம் எல்லாம் காசு யாரோடதுங்கிறதுல இருக்கு. ஒண்ணு கவர்மெண்ட் பர்சரி, அதாவது படிப்புக்கான உதவித்தொகை. ஒண்ணு கரும்புக்காரங்க கட்டுற லெவில, அதாவது தொழில் வரில, நடக்குற ப்ராஜெக்ட். இன்னொண்ணு வெளிநாட்டு நிதில ஓடுற எச்ஐவி லேப். கடைசியா ஒரு கம்பெனியோட ஆர் அண்ட் டி பிரிவு, அங்க வேலைல சேந்துட்டு பார்ட் டைம்ல படிச்சுக்கலாம்னு சொல்றாங்க.

"மாமாகிட்ட கேளு, அவர்தானே லேப்ல இருக்காரு"ன்னு மச்சினன் என் தலைல கட்டிட்டார். பொண்ணுக்கு தமிழ் அவ்வளவா வராது, மாமா, அத்தை, தாத்தா, ஆயா மட்டும் தமிழ், மிச்சமெல்லாம் இங்கிலீஷ், அதனால அவகிட்ட சொன்னதை இங்க தமிழ்ல எழுதுறேன், ஊர்ல இருந்து மருமகன்களும் ஃப்ரெண்டு பசங்களும் இதே கேள்விய அடிக்கடி கேக்குறாங்க. நான் கோயமுத்தூர், வீரகேரளம் பக்கம், இங்க வந்து பத்தொம்பது வருஷமாச்சு. வீட்டுக்காரி குடும்பம் டொங்காட்ல கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவங்க வழி. ஏன் இதச் சொல்றேன்னு கரும்பு வரும்போது புரியும்.

மொதல்ல கவர்மெண்ட் காசு. பார்லிமெண்ட் பட்ஜெட்ல ஒதுக்குறது துறைக்குப் போய், அங்கிருந்து என்ஆர்எஃப்-ங்கிற தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்புக்கு வந்து, அங்கிருந்து யூனிவர்சிட்டிக்கு வந்து, அங்க ஃபைனான்ஸ் ஆபீஸ்ல கொஞ்ச நாள் தூங்கி எழுந்து கடைசில பிள்ளைங்க அக்கவுண்ட்டுக்கு வரும். என்ஆர்எஃப் 1999-ல ஆரம்பிச்சது, மாஸ்டர்ஸ் பர்சரிக்கு 30 வயசுக்குள்ள இருக்கணும், உள்நாட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் கிட்டத்தட்ட எல்லாமே, அதனால இவளுக்குப் பிரச்சனை இல்ல. மொத்த நாடும் ஆராய்ச்சிக்குப் போடுற காசு ஜிடிபில 0.6 சதவீதம் சுமார்தான், 1.5-க்குக் கொண்டு போவோம்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்காங்க. நம்ம இந்தியாவும் இதே கதைதான், 0.64. ரெண்டு அண்ணன் தம்பியும் ஒரே எடத்துலதான் நிக்கிறோம், பெருமைப்பட ஒண்ணுமில்ல.

இந்தக் காசுல இருக்குற கஷ்டம் நான் அனுபவிச்சது. நான் இங்க மொத மொத வேலை பாத்த யூனிவர்சிட்டில, பேர் வேண்டாம், வருஷம் பிப்ரவரில ஆரம்பிச்சுடும், பர்சரி காசு ஜூன்ல வரும். எங்க லேப்ல ஒரு பையன் நாலு மாசம் அவங்க ஆயாவோட பென்ஷன்லதான் ஓட்டினான், டாக்ஸிக்குக் காசு இல்லன்னு ரெண்டு நாள் லேப்லயே படுத்துட்டான். அப்புறம் லோட் ஷெடிங் காலம். மைனஸ் 80 ஃப்ரீசர்ல பத்து வருஷ சாம்பிள் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, டீசல் இல்ல. ஏன்னு கேட்டா கிராண்ட்ல டீசல்னு ஒரு லைன் கிடையாதாம், கெமிக்கலுக்கு இருக்கு, கான்பரன்ஸுக்கு இருக்கு, டீசலுக்கு இல்ல. ப்ரொஃபசர் சொந்தக் காசுல ரெண்டு கேன் வாங்கிட்டு வந்து ஊத்தினார். இதையெல்லாம் மறைச்சு கவர்மெண்ட் காசு தங்கம்னு பொண்ணுகிட்ட சொல்ல எனக்கு மனசு வரல.

மச்சினன் உடனே பிபிஎம்ஆர் கதைய எடுத்தார், எடுப்பார்னு தெரியும். பெப்பிள் பெட் அணு உலை, 1999-ல ஆரம்பிச்சு 2010-ல கவர்மெண்ட் கைகழுவிடுச்சு, சுமார் 9 பில்லியன் ராண்ட் போச்சு, ஒரு உலை கூடக் கட்டல, அங்க இருந்த ஆளுங்கள்ல சில பேர் அமெரிக்கா போய் எக்ஸ்-எனர்ஜில அதே மாதிரி உலைக்கு வேலை பாக்குறாங்க, ஆக நம்ம வரிக்காசுல படிச்ச பாடம் அவங்களுக்கு. சரிதான். ஆனா அதே கவர்மெண்ட்தான் கர்னார்வன் பக்கம் பொட்டல் காட்டுல மீர்காட் டெலஸ்கோப் கட்டுச்சு, 64 டிஷ், 2018-ல திறந்தாங்க, அதுக்கு எந்தக் கம்பெனி காசு போட்டிருக்கும்? நம்ம பால்வீதி நடுவுல என்ன இருக்குன்னு பாக்குறதுக்கு எந்த முதலாளியும் செக் எழுத மாட்டார். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா என் கணக்கு இதுதான், மீர்காட் அறிவுக்காகன்னு சொல்லியே காசு வாங்குச்சு, பிபிஎம்ஆர் இதோ விக்கப்போறோம் அதோ ஏற்றுமதி பண்ணப்போறோம்னு வியாபாரக் கணக்கு காட்டி வாங்குச்சு, வாங்குறதுக்கு ஆள் வரல. கவர்மெண்ட் கம்பெனி மாதிரி நடிக்கும்போதுதான் காசு அதிகமா கரையுதுன்னு எனக்கொரு எண்ணம்.

கரும்புக்கு வருவோம், இதுலதான் எனக்குப் பாசம் ஜாஸ்தி, அதனால என் பேச்சுல கொஞ்சம் கழிச்சுக்கோங்க.

மவுண்ட் எட்ஜ்கோம்ப்ல கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1925-ல இருந்து இருக்கு, இப்ப சாஸ்ரின்னு சொல்லுவோம். அதுக்குக் காசு பெரும்பாலும் கரும்பு போடுறவங்களும் ஆலைக்காரங்களும் இண்டஸ்ட்ரிக்குக் கட்டுற லெவில இருந்து வருது, கவர்மெண்ட் பட்ஜெட்ல இருந்து இல்ல. ஆனா தனியார் கம்பெனின்னும் சொல்ல முடியாது, லெவிய வாங்குறதுக்கு சட்டம் இருக்கு, கட்ட மாட்டேன்னு ஒருத்தர் ஒதுங்கிக்க முடியாது, கண்டுபிடிக்குற ரகம் எல்லாத் தோட்டத்துக்கும் போகும். ஊர்க் கோயில் வரி மாதிரின்னு வெச்சுக்கோங்க. தலைக்கட்டுக்கு இவ்வளவு, திருவிழா எல்லாருக்கும்.

ஒரு காலத்துல நேட்டால் முழுக்க, அதாவது எங்க மாகாணம் முழுக்க, ஊபான்னு ஒரே கரும்புதான், நாரு நாரா இருக்கும், சர்க்கரை கம்மி, அப்புறம் அதுக்கும் வைரஸ் நோய் வந்து ஆட்டம் காண ஆரம்பிச்சுடுச்சு. புது ரகம் வேணும்னா கரும்பு பூக்கணும், மகரந்தம் உருப்படியா இருக்கணும், ஆனா டர்பன் குளிருக்கு அது சரியா நடக்காது. அதனால எங்க போனாங்க? கோயமுத்தூர். 1912-ல அங்க பிரிட்டிஷ் கவர்மெண்ட் காசுல ஆரம்பிச்ச கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கு பாருங்க, எங்க வீட்டுல இருந்து சைக்கிள்ல போற தூரம், அங்க வெங்கட்ராமனும் அவருக்கு முன்னாடி பார்பரும் காட்டுக் கரும்பையும் நாட்டுக் கரும்பையும் கலந்து கோ 205-ன்னு தொடங்கி வரிசையா ரகம் போட்டுட்டு இருந்தாங்க. அங்கிருந்து கோ 281, கோ 301 எல்லாம் இங்க வந்து ஊபாவ ஓரங்கட்டுச்சு. அப்புறம் கோ 421-ஐயும் கோ 312-ஐயும் கோயமுத்தூர்ல கலந்து அந்த விதைய கப்பல்ல அனுப்பி இங்க முளைக்க வெச்சுத் தேர்ந்தெடுத்ததுதான் என்கோ 310, 1945-ல வெளிய வந்துச்சு. என்-னா நேட்டால், கோ-ன்னா கோயமுத்தூர். அது நேட்டாலோட நிக்கல, தைவான், ஒகினாவா, லூசியானா வரைக்கும் போய் ஆட்சி பண்ணுச்சு. அதுக்கப்புறம் வந்த என்கோ 376 இங்க பல வருஷம் ராஜா.

1860 நவம்பர் 16-ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து ஆளு வந்தாங்க கரும்பு வெட்டுறதுக்கு, எண்பது வருஷம் கழிச்சு அவங்க வெட்டுற கரும்பே தமிழ்நாட்டு மண்ணுல இருந்து வந்துச்சு. இத மாமனார் வீட்டுல சொன்னப்ப தாத்தா நம்பவே இல்ல, "போடா, கரும்பு இந்த ஊருது"ன்னுட்டார்.

இதுல காசுக் கணக்கு என்னன்னா, கோயமுத்தூர்ல காசு போட்டவனுக்கு நேட்டால்ல லாபம் வரும்னு 1912-ல எவனுக்கும் தெரியாது. பொதுக்காசுல பண்ணது, அதனால விதைய உறைல போட்டு அனுப்ப முடிஞ்சது. இன்னைக்கு ஒரு தனிக் கம்பெனிக்கிட்ட அந்தப் பெற்றோர் ரகம் ரெண்டும் இருந்திருந்தா அந்த விதை கப்பல் ஏறியிருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க, ஏறியிருந்தாலும் கூடவே முப்பது பக்கத்துக்கு வக்கீல் பேப்பரும் ஏறியிருக்கும்.

லெவி காசோட பலம் அது பொறுமையானது. ஒரு கரும்பு ரகம் வர்றதுக்கு பத்து பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகும், எந்த எலெக்ஷனும் எந்த அமைச்சரும் அதை நடுவுல கேக்குறதில்ல, விவசாயி கேப்பான், அவன் கேக்குறது "கரும்பத் துளைக்குற எல்டானா புழுவுக்கு என்ன பண்ணீங்க"ன்னு, அது நியாயமான கேள்வி. பலவீனம், கரும்பு படுத்தா காசும் படுக்கும். 2018-ல சர்க்கரை பானத்துக்கு வரி வந்துச்சு, 2022 அக்டோபர்ல டொங்காட் ஹியூலெட்ங்கிற பெரிய சர்க்கரைக் கம்பெனி கடன்ல மூழ்கி பிசினஸ் ரெஸ்க்யூக்குப் போச்சு, அப்ப அவங்க இண்டஸ்ட்ரிக்குக் கட்ட வேண்டிய லெவிய நிறுத்தப் பாத்து விஷயம் கோர்ட்டுக்கே போச்சு, 2023 டிசம்பர்ல டர்பன் ஹைகோர்ட் கட்டணும்னுதான் சொல்லுச்சு, ஆனா அந்த ஒரு வருஷம் எங்க ஆளுங்களுக்குத் தூக்கமில்ல. இன்னொண்ணு, அங்க இருந்தா கரும்புதான். நாளைக்கு அவளுக்கு மலேரியா மேல ஆசை வந்தா கதவு இல்ல.

மூணாவது எச்ஐவி லேப். பொண்ணோட மனசு இங்கதான் இருக்கு, ஏன்னு புரியுது. இந்த மாகாணத்துல வளந்த யாருக்கும் அந்த நோய் தெரியாத குடும்பம் கிடையாது. டர்பன்ல காப்ரிசான்னு ஒரு எச்ஐவி ஆராய்ச்சி மையம் இருக்கு, 2002-ல என்ஐஎச்-ங்கிற அமெரிக்க கவர்மெண்ட் மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட காசுல ஆரம்பிச்சது, சலீம் அப்துல் கரீம், குவாரைஷா அப்துல் கரீம் தம்பதி. 2010-ல 889 பெண்கள வெச்சு எச்ஐவி வராம தடுக்க டெனோஃபோவிர்ங்கிற மருந்து கலந்த ஜெல்ல சோதனை பண்ணி தொற்று 39 சதவீதம் குறையுதுன்னு காட்டினாங்க, அதுக்குக் காசு பெரும்பகுதி அமெரிக்கா, கூட நம்ம கவர்மெண்டும் போட்டுச்சு. 2015-ல இன்னொரு பெரிய சோதனைல அந்த ஜெல் நிக்கல, போச்சு. ஆனா பெண்ணே தன் கையில வெச்சுக்குற மாதிரி ஒரு தடுப்பு வேணுங்கிற யோசனை நின்னுச்சு, சோதனை நடத்தத் தெரிஞ்ச நர்ஸும் லேப் ஆளுங்களும் இங்க தங்கிட்டாங்க.

இந்தக் காசு பெருசு, மெஷின் புதுசு, ஃப்ரீசருக்கு டீசல் கூட பட்ஜெட்ல இருக்கும். நான் பொறாமையோட பாத்த லேப் எல்லாம் இந்த லேப்தான். ஆனா 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவியெல்லாம் நிறுத்துச்சு, பிப்ரவரி 7-ல தென்னாப்பிரிக்காவுக்குன்னு தனியாவே ஒரு ஆர்டர் போட்டாங்க. ப்ரில்லியண்ட்னு ஒரு எச்ஐவி தடுப்பூசி திட்டம், ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே எட்டு நாட்டுல நடத்துறது, 45 மில்லியன் டாலருக்கு மேல யுஎஸ்எய்ட்ங்கிற அமெரிக்க வெளிநாட்டு உதவி அமைப்போட காசு, ஊசி போட ஆரம்பிக்கிற சமயத்துல வேலைய நிறுத்துன்னு லெட்டர் வந்துச்சு. தப்பு பண்ணாங்களா? இல்ல. ரிசல்ட் மோசமா? ஆரம்பிக்கவே இல்லையே. வேற ஊர் அரசியல், அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்ச லேப் டெக்னீஷியன் ஒரு அம்மா, பதினோரு வருஷ அனுபவம், இப்ப டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல சமோசா போட்டு விக்கிறாங்க, நல்ல சமோசாதான், ஆனா ஃப்ளோ சைட்டோமீட்டர்னு செல்ல எண்ணுற மெஷின ஓட்டத் தெரிஞ்ச கை அது.

அப்ப யார் கை குடுத்தா? கேட்ஸ் பவுண்டேஷனும் வெல்கம்ங்கிற பிரிட்டிஷ் அறக்கட்டளையும் ஆளுக்கு 100 மில்லியன் ராண்ட், நம்ம ட்ரெஷரி மூணு வருஷத்துக்கு 400 மில்லியன், மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் வழியா. போன காசுக்கு முன்னாடி இது கொஞ்சம்தான், ஆனாலும் கடைசில வந்து நின்னது நாம திட்டிட்டே இருக்குற அந்த லேட்டா வர்ற கவர்மெண்ட்டும்தான். மச்சினன்கிட்ட இதச் சொன்னேன், அவர் டீ எடுக்கப் போறேன்னு எந்திரிச்சுப் போயிட்டார்.

நாலாவது கம்பெனி. சம்பளம் மத்ததை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதுவும் மாசா மாசம் 25-ஆம் தேதி டாண்ணு வரும், இத லேசா நினைக்காதீங்க, வீட்டுக் கடன் இருக்குற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். கம்பெனி ஆராய்ச்சில ஒண்ணும் கிழிக்கிறதில்லன்னு சில ப்ரொஃபசருங்க சொல்றதும் பொய். லெனகாபவிர் பாருங்க, எச்ஐவி வராம தடுக்க ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, கிலியட் கம்பெனி தன் காசுல தென்னாப்பிரிக்காலயும் உகாண்டாலயும் சோதனை நடத்துச்சு, 2024-ல ரிசல்ட் வந்துச்சு, அந்த ஊசி போட்ட 2,134 பெண்கள்ல ஒருத்தருக்குக் கூட தொற்று இல்ல. பூஜ்யம்! அந்த அளவு சோதனைய அவ்வளவு வேகமா கவர்மெண்ட்டால நடத்தியிருக்க முடியாது, ஒத்துக்குறேன்.

ஆனா அந்த மருந்து எங்க பிடிக்குது? வைரஸோட கேப்சிட் கூட்ட. அந்தக் கூடு எப்படி இருக்கு, எப்படி ஒடையுதுன்னு அமெரிக்காவுல யூட்டா யூனிவர்சிட்டி விஞ்ஞானி வெஸ்லி சண்ட்க்விஸ்ட் மாதிரி ஆளுங்க 1990-கள்ல இருந்து என்ஐஎச் காசுல நோண்டிட்டு இருந்தாங்க, அப்ப அதுல மருந்து வரும்னு யாரும் அடிச்சுச் சொல்லல. அதாவது பொதுக்காசு கெணறு வெட்டுச்சு, கம்பெனி மோட்டார் வெச்சுச்சு. மோட்டார் வெச்சவன் தண்ணிக்கு என்ன வெல சொன்னான்னா அமெரிக்காவுல வருஷத்துக்கு 28,218 டாலர். நம்ம மாதிரி நாடுகளுக்கு ஹைதராபாத்ல ரெண்டு கம்பெனி லைசென்ஸ் வாங்கி வருஷத்துக்கு 40 டாலருக்கு 2027-ல குடுக்குறோம்னு சொல்லியிருக்காங்க, அந்த வெல வர்றதுக்குப் பின்னாடியும் யூனிட்எய்ட்ங்கிற உலக சுகாதார நிதி அமைப்பு, கேட்ஸ் பவுண்டேஷன் மாதிரி ஆளுங்க காசு இருக்கு. மருந்து அதே மருந்து.

நம்ம ஊர் கம்பெனி ஆராய்ச்சிலயும் கவர்மெண்ட் கை உண்டு. 11டின்னு வருமான வரிச் சட்டத்துல ஒரு பிரிவு, 2006-ல வந்தது, 2033 முடிய நீட்டியிருக்காங்க, ஆராய்ச்சிக்கு ஒரு ராண்ட் செலவு பண்ணா ஒண்ணரை ராண்ட்னு கணக்குக் காட்டிக்கலாம். கம்பெனி வரி 27 சதவீதம், ஆக ராண்டுக்கு பதிமூணரை சென்ட் கூடுதலா மிச்சம். மிச்சம் பிடிக்க மொதல்ல வரி கட்டுற அளவுக்கு லாபம் வேணும், புதுசா கராஜ்ல ஆரம்பிக்கிற பசங்களுக்கு இதனால பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. பிள்ளைங்க கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு. பொதுக்காசுல யூனிவர்சிட்டில எதையாவது கண்டுபிடிச்சா 2008-ஆம் வருஷச் சட்டப்படி மொத ஒரு மில்லியன் ராண்ட் வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் கண்டுபிடிச்சவங்களுக்கு வந்தாகணும். ஒரு கம்பெனி முழுச் செலவையும் குடுத்துட்டா அந்தச் சட்டம் அந்த வேலைக்குப் பொருந்தாது, அவங்க கான்ட்ராக்ட்ல என்ன எழுதியிருக்கோ அதுதான். பொண்ணுக்கு வந்த கம்பெனி லெட்டர்ல தீசிஸ வெளியிடறதுக்கு முன்னாடி அவங்க பாத்து ஓகே சொல்லணும்னு ஒரு வரி இருக்கு, எத்தன மாசத்துக்குள்ள பாப்பாங்கன்னு இல்ல. அந்த ஒரு வரிக்காகவே நான் வேண்டாம்னு சொல்லிட்டேன், இருபத்திரண்டு வயசுல எழுதின தீசிஸ் இருபத்தஞ்சு வயசு வரைக்கும் டிராயர்ல கிடந்தா பிஎச்டிக்கு என்னத்தக் காட்டுவா.

என் முடிவு, கேட்டதால சொன்னது: கவர்மெண்ட் பர்சரிய எடுத்துக்கோ, யூனிவர்சிட்டில பதிவு பண்ணிக்கோ, ஆனா வேலைய கரும்பு லேப்ல வெச்சுக்கோ, ரெண்டு கைடு வெச்சு அப்படிப் பண்றது இங்க வழக்கம்தான். பர்சரி லேட்டாகும், அந்த நாலு மாசத்துக்கு மாமாவும் அப்பாவும் இருக்கோம். பதிலுக்கு அவ பேர்ல காசு இருக்கும், லேப் படுத்தாலும் காச எடுத்துட்டு வேற லேபுக்குப் போகக் கேக்கலாம், கேக்குறதுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு, திட்டுறதுக்கு ஒரு பார்லிமெண்ட் மெம்பர் இருக்காரு. வாஷிங்டன்ல யாரப் போய் திட்டுறது? கரும்பு லேப்ல கத்துக்குற மார்க்கர், ஜீனோம் வேலையெல்லாம் நாளைக்கு வைரஸுக்கும் உதவும், கை ஒண்ணுதானே. எச்ஐவி பக்கம் பிஎச்டிக்குப் போகலாம், அப்ப நிலைமை தெளிஞ்சிருக்கும். அதுவரைக்கும் எல்லா முட்டையையும் அவங்க கூடையில போட எனக்குத் தைரியமில்ல.

வயசான ஆளு பயந்து பேசுறார்னு அவ நினைக்கலாம், நினைக்கட்டும். எல்லாரும் இப்படிப் பயந்தா அந்த லேபுக்கு யார் போவாங்கன்னும் கேட்டா, அதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல.

அவ மனசு இன்னும் அந்தப் பக்கமே இருக்கறதால ஒரு வேலை சொன்னேன், நாலு இடத்துக்கும் ஒரே கேள்விய மெயில்ல போடு, உங்க காசு எந்தத் தேதி வரைக்கும் கையில இருக்கு, அதுக்கப்புறம் நின்னா என் ரெண்டாவது வருஷத்துக்கு யார் பொறுப்புன்னு. கரும்பு லேப் மறுநாளே பதில் போட்டாங்க, ரெண்டு வருஷத்துக்கும் ஒதுக்கியாச்சுன்னு. கம்பெனில ஹெச்ஆர் ஒரு பிடிஎஃப் அனுப்பிச்சு, அதுல இந்தக் கேள்விக்குப் பதில் இல்ல. எச்ஐவி லேப்ல இருந்து அந்த டாக்டரே எழுதியிருந்தாங்க, செப்டம்பர் வரைக்கும் இருக்கு, அப்புறம் இப்ப சொல்ல முடியாது, உன்ன ஏமாத்த விரும்பலன்னு. அந்த மெயில்தான் அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, எனக்கும்தான்.

கவர்மெண்ட் பக்கத்துல இருந்து இன்னும் பதில் வரல.